கொழும்பு வளவில் அணிலோடு மல்லுக்கட்டாமல் பழம் பறிப்பது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கொழும்பில் அணிலை வளவை விட்டு நிரந்தரமாகத் துரத்த ஒரு வழியும் கிடையாது. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை எங்கே போனாலும் வீட்டுக்கு வீடு மதில் ஒட்டித்தான் இருக்கிறது, தெரு முழுக்க டெலிபோன் வயரும் கேபிளும் பின்னிக் கிடக்கின்றன, அணிலுக்குத் தரையில் கால் வைக்க வேண்டிய தேவையே இல்லை. இன்றைக்கு ஒன்றைத் துரத்தினால் நாளைக்குப் பக்கத்து வளவு மாமரத்திலிருந்து இன்னொன்று வயரில் நடந்து வரும். அதனால் வளவு முழுவதையும் காவல் காக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எந்தப் பழம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்று முடிவெடுங்கள், அந்தப் பழத்தை மட்டும் காப்பாற்றுங்கள். மற்றதில் கொஞ்சம் போனால் போகட்டும்.

கள்ளன் அணில்தானா?

இதைப் பார்க்காமல் வலை வாங்கப் புறக்கோட்டைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அணில் பகலில் மட்டும் நடமாடும் பிராணி, காலை வெயில் ஏறுமுன்னும் பின்னேரமும்தான் அதன் கைவரிசை. இருட்டினால் கூட்டுக்குள் போய்விடும். எனவே பொழுது படும் நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி எந்தக் காய் எப்படி இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், போனில் ஒரு படம் எடுத்தாலும் சரி. விடிந்ததும் முதல் வேலையாக அதே காய்களைப் போய்ப் பாருங்கள். இரவுக்குள் கடிபட்டிருந்தால் அது எலி, வௌவால், மரநாய் இவற்றில் ஒன்று. அணிலுக்குச் செய்கிற வேலை எல்லாம் அவற்றுக்குச் சரிவராது.

பல் அடையாளமும் உதவும். அணில் கடித்த கொய்யாவைக் கையில் எடுத்து ஓரத்தை உற்றுப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் சோடி சோடியாகச் சுரண்டின மாதிரி ஓடும். தோலைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொறித்துக் கீழே துப்பியிருக்கும், பழம் காம்பிலேயே தொங்கிக்கொண்டு உள்ளே மட்டும் கோறையாகியிருக்கும். குருவி கொத்தியது அப்படி இருக்காது, கூராக உள்ளே இறங்கின குழியாக இருக்கும். பப்பாசியில் ஆழமான ஓட்டை என்றால் குயிலையோ குக்குறுவானையோ காகத்தையோ சந்தேகப்படுங்கள். வௌவால் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மரத்தில் வைத்துச் சப்பிச் சக்கையைத் துப்பும். இலையும் காயும் கடிபட்டுப் பக்கத்தில் காய்ந்த பசை மாதிரி மினுங்கும் கோடு இருந்தால் அது நத்தை.

இன்னொரு விஷயம், நான் இங்கே பேசுவது முதுகில் மூன்று கோடு போட்ட சின்ன அணிலைப் பற்றி. வாலை விட்டுவிட்டால் ஒரு சாண் நீளம்கூட வராது, நிறை 100 கிராம் அளவுதான். ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை, பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மர அணில் தொல்லையும் உண்டு, சிங்களத்தில் தண்டு லேனா என்பார்களே, பூனையளவு பெரியது, குரும்பையையே துளைத்துவிடும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்க அவரவர் வளவுக்குள் நிற்கிற பிராணிகளை எண்ணச் சொன்னார்கள் அல்லவா, அந்தப் பட்டியலில் குரங்கு, மயிலோடு இருந்தது அந்தப் பெரிய ஆள்தான். அதற்குக் கீழே சொல்கிற கூடு எல்லாம் போதாது, தென்னைக்குத் தகரம் கட்டுவது மட்டும் ஓரளவுக்கு உதவும்.

செலவே இல்லாத வழி: முந்திப் பறியுங்கள்

அணிலுக்கும் நமக்கும் நடக்கிற போட்டி பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று நாளில்தான், பழம் மணக்கத் தொடங்கும்போது. அந்த மணம் வருமுன் காயைப் பறித்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஆனால் இது எல்லாப் பழத்துக்கும் சரிவராது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மா, பப்பாசி, வாழை, சப்போட்டா, அன்னமுன்னா, வெண்ணெய்ப்பழம், கொய்யா, தக்காளி, இவை எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும். பப்பாசியில் அடிப்பக்கம் ஒரு மஞ்சள் கீறு விழுந்தவுடன் பறித்துப் பால் வடிய விட்டுக் கடதாசியில் சுற்றிக் குசினியில் வையுங்கள், சில நாளில் பழுத்துவிடும். மரத்திலேயே முழு மஞ்சளாகட்டும் என்று காத்திருந்தால் அது உங்களுக்கு இல்லை. வாழைக்காயின் விளிம்பு மடிப்பு மறைந்து காய் உருண்டு வந்தால் குலையை வெட்டி உள்ளே தொங்க விடலாம். அன்னமுன்னாவில் கண்களுக்கு நடுவில் இருக்கிற பள்ளம் அகன்று வெளிர் மஞ்சளாக மாறினால் அது முற்றியதற்கு அடையாளம், அதற்கு மேல் ஒரு நாள்கூட மரத்தில் விடாதீர்கள். சப்போட்டாவை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரியாவிட்டால் பறிக்கலாம். தக்காளி அடியில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததுமே பறியுங்கள், வெயில் படாமல் ஒரு கூடையில் கிடந்தாலே சிவந்துவிடும், குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம், சுவை போய்விடும்.

மாதுளை, ரம்புட்டான், ஜம்பு மூன்றும் வேறு சாதி. பறித்த பிறகு ஒரு துளி இனிப்பும் கூடாது, அந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆகவே கூடு கட்டுகிற உழைப்பை இந்த மாதிரிப் பழங்களுக்கு ஒதுக்குங்கள். ரம்புட்டான் பெரிய மரமாகிவிட்டால் அதையும் மறந்துவிடுங்கள், கைக்கு எட்டுகிற கொத்துகளை மட்டும் மூடலாம், உச்சியில் இருப்பது அணிலுக்கும் வௌவாலுக்கும் எழுதி வைத்தது.

கம்பி வலைக் கூடு

ஷொப்பிங் பேக், கடதாசிப் பை, பழைய சீலைத் துண்டு, நுளம்பு வலை, பெரிய வெங்காயம் வருகிற சிவப்பு வலைப் பை, எல்லாம் கட்டிப் பார்க்கிறார்கள். பழ ஈக்குக் கடதாசிப் பை நல்லது, அதை நான் மறுக்கவில்லை. அணிலுக்கு அது ஒரு நிமிட வேலை. அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அதற்கு வாழ்க்கை, நைலோனும் பிளாஸ்டிக்கும் அதற்கு ஒரு தடையே இல்லை. பொலித்தீனுக்குள் பழம் வேர்த்து அழுகுவது தனிக் கதை.

வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. கோழிக்கூட்டுக்கு அடிக்கிற பெரிய கண் வலையை வாங்காதீர்கள், நம் அணில் அதற்குள்ளால் தாராளமாகப் போய்வரும். பழைய சோனகத் தெருவில் வரிசையாக இருக்கிற ஹார்ட்வெயார் கடைகளில் அடிக் கணக்கில் வெட்டித் தருவார்கள். வாங்குமுன் உங்கள் வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட என்று யோசியுங்கள். மரைன் டிரைவ் பக்கத்துத் தொடர்மாடி, கல்கிசைக் கரையோரம் என்றால் உப்புக் காற்றுச் சாதாரண நாகம் பூசின வலையைச் சீக்கிரமே கறள் பிடிக்க வைத்துவிடும், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது பிளாஸ்டிக் பூச்சுப் போட்டதையோ துருப்பிடிக்காத எஃகு வலையையோ வாங்குவது கடைசியில் லாபம். உள்ளே மகரகம, நுகேகொடைப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சாதாரண வலையே போதும்.

ஒரு மாதுளைக்கோ கொய்யாவுக்கோ ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். தகரம் வெட்டும் கத்தரி இருந்தால் நல்லது, கையுறை போடுங்கள், வெட்டின முனை ஊசி மாதிரிக் குத்தும். ஒன்றரை அடிப் பக்கத்தை வளைத்து இரண்டு ஓரத்தையும் ஒரு கண் அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கட்டுக்கம்பியால் மூன்று இடத்தில் முறுக்கினால் ஐந்தரை அங்குலக் குழாய் ஒன்று வரும். காய் தேசிக்காய் அளவு இருக்கும்போதே அதைக் குழாய்க்குள் விட்டு, மேல் வாயைக் கிளையைச் சுற்றி நசுக்கி மூடுங்கள், கம்பி பட்டையை வெட்டாமல் இருக்கக் கிளையில் ஒரு துணித் துண்டைச் சுற்றிவிடுங்கள். கீழ் வாயை உள்ளே மடித்துக் கம்பி போட்டு முறுக்குங்கள். அந்தக் கீழ் வாய்தான் பிறகு நீங்கள் திறந்து பழத்தை எடுக்கிற கதவு, அதனால் குறடு இல்லாமல் கையால் அவிழ்க்கிற அளவுக்கு முறுக்கினால் போதும். முக்கியமானது இது: பழம் முழு அளவுக்கு வளர்ந்த பிறகும் வலையில் எங்கேயும் முட்டக்கூடாது. முட்டினால் அணில் வெளியில் இருந்துகொண்டே கண்ணுக்குள்ளால் கொறித்துவிடும், பழம் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும், பாதி மட்டும் இருக்கும்.

பாரம் தாங்காமல் கொப்பு வளைந்தால் கூட்டை மேலே உள்ள தடித்த கிளையோடு ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள், மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கினால் சும்மா தொங்குகிற கூடு கொப்போடு முறிந்து விழும். பழம் எடுத்த பிறகு கூட்டைக் கழுவிக் காய வைத்து அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கலாம்.

இத்தனை கம்பி வேலை முடியாது என்றால் 5 லீட்டர் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி, சுற்றி நிறைய ஓட்டை போட்டு, கழுத்தைக் காம்புப் பக்கமாக வைத்து நீளவாக்கில் ஒரு பக்கம் பிளந்து காயின் மேல் மாட்டலாம். வழுக்கலாக இருப்பதால் அணிலுக்குப் பிடி கிடைக்காது. நிழலான இடத்துக்கு மட்டும்தான் இது, நேர் வெயிலில் பழம் வெந்துபோகும்.

சாடியும் பாத்தியும்

மரக்கறித் தோட்டத்தில் அணில் செய்கிற பெரிய சேதம் நட்ட உடனே நடக்கிறது. பயற்றை, சோளன், கச்சான் எது ஊன்றினாலும் அடுத்த நாள் சிறு குழி தோண்டி விதை போயிருக்கும். அதே வலையில் சாடியின் வாய் அளவுக்கு வட்டம் வெட்டி மண்ணின் மேல் வைத்து ஓரத்தில் நாலு கல் வையுங்கள், முளை வந்து வலையில் முட்டத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். பாத்தி என்றால் பீவீசீ குழாயில் ஒரு சட்டம் செய்து வலை இழுத்துக் கட்டின மூடி போதும், அதன் கரை மண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு விரல் இடைவெளி விட்டால் அதற்குள்ளால் போகும்.

முழுப் பாத்தியையும் மூடி வைக்கிறவர்கள் பூக்கிற காலத்தைக் கவனியுங்கள். பூசணி, பாவல் இவற்றுக்குத் தேனீ வந்துதான் ஆக வேண்டும், வராவிட்டால் பூ பூத்துக் கொட்டும், காய் வராது, அதனால் காலையில் மூடியைத் திறந்து விடுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, காற்றாடினாலே காய்த்துவிடும்.

இடம் குறைந்த பல்கனிக்காரர்களுக்கு என் அபிப்பிராயம், அணிலுக்குப் பெரிதாக ஆசை இல்லாததை நடுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், கறிவேப்பிலை, இஞ்சி, மஞ்சள், பச்சை மிளகாய், தேசி, இவற்றை அது பெரும்பாலும் திரும்பியே பார்க்காது. நாலாம் மாடி என்றால் ஏறாது என்று நினைக்க வேண்டாம், சுவரில் இறங்குகிற தண்ணீர்க் குழாய் அதற்குப் படிக்கட்டு.

மரத்துக்குத் தகரம்

தென்னைக்குத் தகரம் கட்டுவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. இரண்டு அடி அகலமான வழவழப்பான தகரத்தை நிலத்திலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும், நெளித்தகரம் வேண்டாம், அதில் பிடித்து ஏறும். தனியாக நிற்கிற தென்னைக்கு இது அருமையான வழி. தென்னை மரம் பருத்துக்கொண்டு போகாது, கட்டினால் கட்டினபடி இருக்கும். மாமரம் அப்படி இல்லை, வருடா வருடம் பருக்கும், அவிழ்த்துத் தளர்த்திக் கட்டாவிட்டால் தகரமும் கம்பியும் பட்டைக்குள் புதைந்து மரத்தையே நெரித்துவிடும்.

ஆனால் மாமரத்தின் ஒரு கொப்பு மதிலில் சாய்ந்திருந்தால், அல்லது கூரைக்கு மூன்று அடி தள்ளி நின்றால் தகரம் சும்மா அலங்காரம்தான். மதில், கூரை, அடுத்த மரம், வயர் எல்லாவற்றிலிருந்தும் ஆறேழு அடி இடைவெளி வருகிற மாதிரிக் கொப்பை வெட்டினால்தான் பலன். கொழும்பில் அந்த இடைவெளி கிடைக்கிற வளவு எத்தனை இருக்கும்? கரண்ட் வயருக்குக் கிட்டப் போகிற கொப்பை நீங்களே ஏறி வெட்டப் போகாதீர்கள், உங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்குகிற நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

மிளகாய்த் தண்ணீர், சீடி, பிளாஸ்டிக் ஆந்தை

ஒரு கைப்பிடி செத்தல் மிளகாயும் ஐந்தாறு பல் உள்ளியும் இடித்து ஒரு லீட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறிய பின் நன்றாக வடித்து, சில துளி சவர்க்காரத் தண்ணீர் சேர்த்துத் தெளிப்பது எல்லோரும் சொல்கிற வைத்தியம். வேலை செய்யும், பொய் இல்லை. மிளகாயின் காரம் அணிலுக்கு எரியும், பறவைகளுக்கு அது உறைக்கவே உறைக்காது, அதனால் கிளிக்கோ குயிலுக்கோ இதைத் தெளித்துப் பயன் இல்லை. ஆனால் ஒரு மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், கொழும்பில் ஐப்பசி, கார்த்திகையில் தினம் பின்னேரம் கொட்டுகிற மழைக்கு யார் தினம் தினம் தெளிப்பது? ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைந்த காலத்தில், சாடி விளிம்பு, மதில் மேல், கொப்புகள் என்று அது கால் வைத்து வருகிற பாதையில் தெளித்தால் கொஞ்சம் பலன் தெரியும். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக நிற்காமல் தெளியுங்கள், உச்சி வெயிலில் இலை மேல் தெளிக்க வேண்டாம், கருகும்.

தொங்குகிற சீடி, மினுங்குகிற ரிப்பன், பிளாஸ்டிக் ஆந்தை, ரப்பர் பாம்பு எல்லாம் சில நாள் கூத்து, பிறகு ஆந்தையின் தலையில் உட்கார்ந்தே கொய்யா தின்னும். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்புகிற மெஷினுக்குக் காசு கொடுக்காதீர்கள். நாய் இருக்கிறதே என்றும் நம்பியிருக்காதீர்கள், அணில் ஏறவிட்ட நாய் போல என்று சும்மாவா சொன்னார்கள்?

நீங்களே விருந்து வைக்கிறீர்களா?

விரத நாளில் காகத்துக்கு வைக்கிற சோறு, கிளிக்குப் போடுகிற தானியம், பூனையின் சாப்பாட்டுக் கோப்பை, மூடாத குப்பை வாளி. இவை தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அணில் தினம் வரும், வந்தால் மாதுளையையும் பார்த்துவிட்டுத்தான் போகும். காகத்துக்கு வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம், தோட்டம் பின்பக்கம் என்றால் சோற்றை முன் மதிலில் வைக்கச் சொல்லுங்கள், மிச்சத்தை மத்தியானமே கழுவிவிடுங்கள். பக்கத்து வீட்டு அன்ரி பாசமாக வாழைப்பழம் போட்டு வளர்க்கிறார் என்றால் சண்டைக்குப் போகாமல், நேரம் ஒன்றைக் குறித்து அவருடைய வளவின் அந்தக் கரையில் போடச் சொல்லிக் கேட்கலாம்.

வெயில் காலத்தில் தக்காளியைக் கடித்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகிறதா? அநேகமாகத் தாகம். தோட்டத்துக்குத் தள்ளி ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஆனால் டெங்கு உள்ள ஊர் இது, இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது ஊற்றிவிட்டுச் சட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், நுளம்பு முட்டை பக்கத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. அது முடியாதவர்கள் தண்ணீர் வைக்கவே வேண்டாம்.

செய்யக் கூடாதவை

எலி மருந்து வைக்காதீர்கள். அணில் தின்று கூரைக்குள் போய்ச் செத்தால் நாற்றத்தில் வீட்டில் இருக்க முடியாது, செத்ததைக் காகமோ பூனையோ தின்றால் அதுவும் போகும். ஒட்டுப் பலகை வைத்தால் ஓணானும் குருவியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு துடிக்கும். கூண்டு வைத்துப் பிடித்து எங்கேயோ கொண்டுபோய் விடுவதும் வீண் வேலை, காலியான இடத்துக்கு இன்னொன்று வரும், பிடிபட்டது தாயாக இருந்தால் குஞ்சுகள் கூட்டுக்குள் பட்டினியில் சாகும். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே தேவை இல்லை, இந்த நாட்டில் அதனால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், சட்டப்படி குற்றமும்கூட. நாம் சாப்பிடுகிற செடிகளுக்குப் பக்கத்தில் பூச்சி உருண்டை போட வேண்டாம், அது நஞ்சு, சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் வைத்துவிடும்.

அணில் கடித்த பழம்தான் இனிக்கும் என்று கடித்த பக்கத்தை வெட்டிவிட்டுத் தின்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. இனிக்கும்தான், பழுத்ததைப் பார்த்துத்தானே கடிக்கிறது. இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், அதில் வேறு எது வாய் வைத்ததோ தெரியாது. கையால் பிடிக்கப் போய்க் கடி வாங்கினால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கூரைக்குள் கூடு இருந்தால்

தோட்டத்தில் தொல்லை கூடிக்கொண்டே போனால் உங்கள் கூரையையும் ஒருமுறை பாருங்கள். ஓட்டுக்குக் கீழே, ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால், பாவிக்காத தொங்கும் சாடிக்குள் தும்பும் பஞ்சும் துணி நூலும் திணித்துக் கூடு கட்டும், வாசல் கால்மிதியில் தும்பு குறைகிறது என்றால் காரணம் அதுதான். ஒரு முறைக்கு இரண்டு மூன்று குஞ்சு போடும், கண் திறந்து வெளியே வரச் சில வாரங்கள் ஆகும். உள்ளே கீச் கீச் சத்தம் கேட்டால் அந்தச் சில வாரமும் பொறுங்கள், அவை போன பிறகு அரை அங்குல வலையால் துவாரத்தை அடையுங்கள், அதற்கு முன் அடைத்தால் தாய் வெளியில் நின்று கூரையையும் வயரையும் கடித்துக் குதறும்.

குஞ்சு ஒன்று கீழே விழுந்து கிடந்தால் ஒரு சின்னப் பெட்டியில் துணி போட்டு அதில் வைத்து, கூட்டுக்குக் கிட்ட உயரமான இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள், தாய் பெரும்பாலும் வந்து கவ்விக்கொண்டு போகும். பூனையை அந்த நேரம் உள்ளே பூட்டி வையுங்கள். இரக்கப்பட்டுப் பசும்பால் ஊட்டாதீர்கள், வயிற்றோட்டம் வந்து செத்துவிடும். பொழுது படும்வரை தாய் வராவிட்டால், சூடு குறையாமல் துணியில் பொதிந்து ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.